உஷார்! ரிப்போர்ட் வருமுன் லட்ச ரூபாய் ஊசிக்குத் தலையாட்டாதீர்கள்

இரைப்பையில் புற்று என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றைக்கே வீட்டுக்குள் மூன்று பேச்சுகள் நுழைந்துவிடுகின்றன. "இப்போ இம்யூனோதெரபின்னு ஒண்ணு வந்திருக்கு, கீமோவே வேணாமாம்." "ஒரு ஊசி லட்சத்தைத் தாண்டும். ஆனா பாதி விலைக்கு வாங்கித் தர ஆள் இருக்கு." "அதுல பக்கவிளைவே கிடையாது." சொல்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். மூன்றுமே உயிருக்கு உலை வைக்கும் பேச்சுகள்.

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம், திருப்பதி என்று இந்த வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கையில் ஃபைலும் மறு கையில் ஸ்கேன் கவருமாக வேலூருக்கும் திருப்பதிக்கும் சென்னைக்கும் அலைவது புதிதல்ல. திருப்பதியிலேயே தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ரத்தன் டாடா வந்து அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்த புற்றுநோய் மருத்துவமனை அலிபிரி பக்கம் இருக்கிறது. சித்தூர் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சியின் வளாகம் இருக்கிறது. ஆகவே இன்றைய ஆபத்து டாக்டர் கிடைக்காமல் போவதில் இல்லை. ரிப்போர்ட் கைக்கு வந்ததற்கும் முதல் ஊசி ஏறுவதற்கும் இடையில், பயத்தில் எடுக்கும் அவசர முடிவுகளில் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இம்யூனோதெரபி ஏமாற்று வித்தை அல்ல. 2018-ல் ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்ஜோ இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு அது. ஆனால் இரைப்பைப் புற்றில் அது பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. அதுவும் எல்லோருக்கும் அல்ல.

மருந்து என்ன செய்கிறது?

அலிபிரி சோதனைச் சாவடியில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். போலி பாஸ் காட்டுகிறவனை விட்டுவிட்டால் அவன் மலைக்குப் போய்விடுவான். நம் ரத்தத்தில் இருக்கும் டி-செல்கள் இந்தக் காவலர்கள். புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, "நான் நம்ம ஆள்" என்று தப்பிக்கிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், டுர்வாலுமாப் போன்ற மருந்துகள் அந்தப் போலி பாஸ் செல்லாதபடி செய்கின்றன. காவலர்கள் விழித்துக்கொள்கிறார்கள். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. விழித்தவர்கள் சில சமயம் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கீழே பார்ப்போம்.

உஷார் 1: கீமோவை விட்டுவிடாதீர்கள்

"கீமோ போட்டா முடி கொட்டும், வாந்தி வரும், ஆள் தேஞ்சு போயிடுவாங்க. இம்யூனோ மட்டும் போடுங்க" என்று டாக்டரிடம் கெஞ்சும் பிள்ளைகள் உண்டு. அம்மாவின் மேல் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் இந்த ஆசையை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது.

செக்மேட் 649 என்ற பெரிய ஆய்வில் கீமோவை விட்டுவிட்டு இரண்டு இம்யூனோ மருந்துகளை மட்டும் கொடுத்த ஒரு பிரிவு இருந்தது. தொடக்கத்திலேயே இறப்புகளும் பக்கவிளைவுகளும் கூடியதால், கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி 2018-ல் அந்தப் பிரிவில் புது நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். கீநோட் 062 என்ற இன்னொரு ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் 2 மாதம். கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 6.4 மாதம். இம்யூனோ வேலையைத் தொடங்க நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் வேகமாக வளரும் கட்டியைப் பிடித்து நிறுத்துவது கீமோ.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது? அதே செக்மேட் 649-ல் கீமோவோடு நிவோலுமாப் சேர்த்தவர்களையும் கீமோ மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 1,581 பேர். பிடி-எல்1 மதிப்பெண் (கட்டித் திசுவில் அந்தப் புரதம் எவ்வளவு என்ற அளவு) 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாக உயர்ந்தது. "மூணு மாசம்தானா?" என்று சோர்ந்துவிடாதீர்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது சேர்த்துக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 21 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 10 பேர். இந்த மருந்தின் உண்மையான பலன் அந்தக் கூடுதல் பதினொரு பேரிடம் இருக்கிறது. "முற்றிலும் குணமாகிவிடும்" என்று யாராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால், அவர் இந்த எண்களைப் பார்க்காதவர்.

உஷார் 2: மூன்று ரிப்போர்ட் கையில் இருக்கிறதா?

பயாப்சியில் "அடினோகார்சினோமா" என்று வந்துவிட்டால் மட்டும் போதாது. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

முதலாவது, பிடி-எல்1 சிபிஎஸ் மதிப்பெண். இது 1-க்குக் கீழே இருந்தால் இம்யூனோ சேர்ப்பதால் பலன் இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு இதையே விவாதித்தது. மதிப்பெண் 1-க்குக் கீழே உள்ள இரைப்பைப் புற்று நோயாளிகளுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்று சொல்ல முடியாது என 10 பேர் வாக்களித்தார்கள். ஆதரவாக இரண்டே பேர். அந்த நாட்டு நிபுணர்களே தயங்கும் இடத்தில் நாம் நிலத்தை விற்றுக்கொண்டு நிற்க வேண்டுமா?

இரண்டாவது, எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ பரிசோதனை. புற்றுச் செல்லில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது இது. முற்றிய இரைப்பைப் புற்று உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு மட்டும், தோராயமாக நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு, 'எம்எஸ்ஐ-ஹை' என்று வரும். இவர்களுக்கு இம்யூனோ அபாரமாக வேலை செய்கிறது. செக்மேட் 649-ல் இந்தச் சிறு கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 12.3 மாதத்திலிருந்து 38.7 மாதமாக உயர்ந்தது. கீமோவைக் குறைப்பதைப் பற்றி டாக்டர் யோசிக்கக்கூடியதும் இவர்களுக்குத்தான். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு.

மூன்றாவது, ஹெர்2 என்ற புரதத்துக்கான பரிசோதனை. இது பாசிட்டிவ் என்றால் சிகிச்சையின் அடிப்படையே மாறும். அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து கட்டாயம் சேர வேண்டும். அதோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்ப்பது பிடி-எல்1 மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கே.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி எடுத்திருப்பார்கள். பயாப்சி வேறொரு லேபுக்குப் போயிருக்கும். சிகிச்சைக்குத் திருப்பதியோ வேலூரோ போவார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி: "பிளாக் எங்கே?" மெழுகில் பதித்து வைத்த அந்தத் திசுக் கட்டியும் கண்ணாடி ஸ்லைடும் இல்லாமல் மேலே சொன்ன பரிசோதனைகளைச் செய்ய முடியாது. காகித ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபடி எண்டோஸ்கோப்பி, மறுபடி காத்திருப்பு.

ரிப்போர்ட் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நோய் முற்றியிருந்தால் கீமோவை முதலில் தொடங்கி, ரிப்போர்ட் வந்ததும் அடுத்த சுற்றில் இம்யூனோவைச் சேர்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

உஷார் 3: ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையா?

கட்டி இன்னும் பரவவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்றால் கணக்கே வேறு. இங்கே நோக்கம் ஆயுளை நீட்டுவது மட்டும் அல்ல, நோயையே அகற்றுவது. நான்கு மருந்துகள் சேர்ந்த ஃப்ளாட் என்ற கீமோ, நடுவில் ஆபரேஷன், பிறகு மீண்டும் கீமோ என்பது வழக்கமான வரிசை. 2025-ல் வெளியான மேட்டர்ஹார்ன் ஆய்வில் இந்த வரிசையோடு டுர்வாலுமாப் சேர்த்துப் பார்த்தார்கள். 948 பேர். நோய் திரும்பாமலும் முற்றாமலும் இரண்டு ஆண்டைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 58.5 பேரிலிருந்து 67.4 பேராக உயர்ந்தார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் ஏறக்குறைய இதே வழியில் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்த கீநோட் 585 ஆய்வு இந்த விஷயத்தில் தெளிவான வெற்றி காணவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோவோடு நிவோலுமாப் சேர்த்த கிழக்காசிய ஆய்வும் பலன் தரவில்லை. "எல்லா இம்யூனோவும் ஒண்ணுதான், கையில் இருப்பதைப் போடுவோம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. எந்த மருந்து, எந்தக் கட்டத்தில், எந்த ஆய்வின் பலத்தில் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு அபாயமும் இருக்கிறது. இரண்டு சுற்று போட்டதும் சாப்பாடு இறங்குகிறது, வலி குறைகிறது. "கட்டி கரைஞ்சிடுச்சு, கத்தி எதுக்கு?" என்று ஆபரேஷன் தேதியைத் தவறவிடுகிறார்கள். மேட்டர்ஹார்னில் டுர்வாலுமாப் சேர்த்தும் கட்டி முழுவதுமாக மறைந்தவர்கள் 19 சதவீதம் மட்டுமே. அதையும் ஆபரேஷன் செய்து, எடுத்த இரைப்பையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் சொன்னார்கள். மற்றவர்களுக்கு உள்ளே மிச்சம் இருந்தது. தேதியைத் தவறவிடாதீர்கள்.

உஷார் 4: பாதி விலைக் குப்பி

2024 மார்ச்சில் டில்லி போலீஸின் குற்றப்பிரிவு ஒரு கும்பலைப் பிடித்தது. அவர்கள் செய்த வேலை: ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தித் தீர்ந்த கீட்ரூடா, ஆப்டைட்டா போன்ற மருந்துகளின் காலிக் குப்பிகளை அங்கே வேலை பார்ப்பவர்கள் மூலம் விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்தை நிரப்பி மறுபடி மூடி விற்றார்கள். குப்பி அசல், லேபிள் அசல், உள்ளே இருந்தது மட்டும் போலி. கைதானவர்களில் மருந்தகப் பணியாளர்களும் இருந்தார்கள். கீட்ரூடா என்பது பெம்ப்ரோலிசுமாப், ஆப்டைட்டா என்பது நிவோலுமாப். இரைப்பைப் புற்றுக்கு நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே மருந்துகள்.

லட்ச ரூபாய் மருந்தைப் பாதி விலைக்குத் தருவதாக யார் சொன்னாலும் அந்தப் போன் நம்பரை அழித்துவிடுங்கள். சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வாங்குங்கள். வெளியே வாங்கத்தான் வேண்டும் என்றால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், பேட்ச் எண் போட்ட பில்லோடு வாங்குங்கள். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். சீல் உடையாமல் இருக்கிறதா என்று நர்ஸ் முன்னாலேயே சரிபாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். ஊசி ஏறி முடிந்ததும் காலிக் குப்பியின் லேபிளை மார்க்கரால் அடித்து, ஆஸ்பத்திரி முறைப்படி அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் காலிக் குப்பி இன்னொருவர் வீட்டு எமனாகக் கூடாது.

இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. சென்னையிலிருந்து பஸ்ஸில் தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் கட்டிக்கு நடுவே குப்பியைப் புதைத்துக் கொண்டு வந்தால், அசல் மருந்தே கெட்டுப்போகலாம். மருந்தை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிடம் முதலில் கேளுங்கள். முடிந்தால் அவர்களையே வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள்.

உஷார் 5: வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

"பக்கவிளைவே கிடையாது" என்பது பச்சைப் பொய். செக்மேட் 649-ல் சிகிச்சையால் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம், இம்யூனோவும் சேர்ந்தவர்களில் 59 சதவீதம். விழித்த டி-செல்கள் குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கு. நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமல், மூச்சிரைப்பு. கல்லீரலைத் தாக்கினால் மஞ்சள் கண். கணையத்தைத் தாக்கினால் அதுவரை சர்க்கரை இல்லாதவருக்குத் திடீரென்று சர்க்கரை ஏறி மயக்கம். தைராய்டு, அட்ரினல், இதயம் எதுவும் விதிவிலக்கு அல்ல. கடைசி ஊசி போட்டுப் பல மாதம் கழித்தும் வரலாம்.

இப்போது குப்பம் பக்கத்து ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது ஊசி போட்டுப் பத்து நாள். ராத்திரி ஆறு தடவை வயிற்றுப்போக்கு. பக்கத்துத் தெரு ஆர்எம்பி டாக்டர் வந்து, "வெளிச் சாப்பாடு ஒத்துக்கலை" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸும் பேதி நிற்கும் மாத்திரையும் கொடுக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. இம்யூனோ என்ற வார்த்தையையே அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாத்திரையில் பேதி ஒரு நாள் அடங்கியது போலத் தெரியும். உள்ளே குடல் வெந்துகொண்டிருக்கும், சில சமயம் ஓட்டையே விழும். திருப்பதி போக நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். விடியட்டும் என்று காத்திருப்பதுதான் உயிரைக் கொல்கிறது.

கீமோவும் சேர்ந்து ஓடுவதால் குழப்பம் இன்னும் அதிகம். கீமோவாலும் பேதி வரும், வெள்ளணு குறைந்தும் வரும். எது காரணம் என்று வீட்டிலோ கிளினிக்கிலோ கண்டுபிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும், சில சமயம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இம்யூனோதான் காரணம் என்றால் மருந்து ஸ்டீராய்டு. அதைச் சரியான அளவில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். "ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது" என்று நான்காம் நாளே நிறுத்துகிறவர்களுக்கு அந்தப் பக்கவிளைவு மறுபடி கடுமையாகத் திரும்பக்கூடும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும், மணி என்ன என்று பார்க்காமல் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்:

- வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் மலம் கழிதல், அல்லது மலத்தில் ரத்தம், சளி
- புதிதாக வந்த மூச்சிரைப்பு, வறட்டு இருமல், நெஞ்சுவலி
- கண் மஞ்சளாதல், சிறுநீர் தேநீர் நிறத்தில் போதல்
- அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி
- எழுந்திருக்க முடியாத சோர்வு, தலைசுற்றல்
- கண் இமை தொங்குதல், தசை பலவீனம்
- காய்ச்சல் (கீமோ நடக்கும்போது இது தனி அவசரம்)

ஓர் அட்டையில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இப்படி எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள்: நோயாளி கீமோவோடு இம்யூனோதெரபி எடுக்கிறார், மருந்தின் பெயர் இது, கடைசி ஊசித் தேதி இது, டாக்டரின் நம்பர் இது. நீங்கள் வீட்டில் தமிழ் பேசலாம். ராத்திரி டியூட்டியில் இருக்கும் டாக்டருக்கு அந்த அட்டைதான் பேசும்.

முதல் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டியவையும் உண்டு: முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் போன்ற நோய்கள், மாற்றுச் சிறுநீரகம், மூட்டு வலிக்கு ஊரில் போட்டுக்கொண்டிருக்கும் ஊசி, பழைய காசநோய், மஞ்சள் காமாலை. "இதெல்லாம் எதுக்கு" என்று மறைக்காதீர்கள்.

உஷார் 6: நிலத்தை விற்குமுன்

ஒரு ஊசியின் விலையைக் கேட்டுக் கணக்குப் போடாதீர்கள். மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பிகள் இரண்டு. நோய் கட்டுக்குள் இருந்தால் இரண்டு ஆண்டு வரை போகும். மேட்டர்ஹார்ன் முறையில் கீமோவோடு நான்கு டுர்வாலுமாப், அதன்பின் தனியாகப் பத்து. மூன்று ஊசிக்குக் கடன் வாங்கி நான்காவதில் நின்றுபோனால், கீமோவுக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் இருந்த பணமும் கரைந்திருக்கும். 2024 ஜூலை பட்ஜெட்டில் டுர்வாலுமாப்புக்குச் சுங்கவரி விலக்கு வந்தது. விலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அன்றன்றைய விலையை எழுத்தில் கேளுங்கள்.

ஆந்திராவில் 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கி இன்று என்டிஆர் வைத்ய சேவை என்ற பெயரில் ஓடும் திட்டத்தில் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் உண்டு. கீமோவுக்கு அனுமதி வந்ததை இம்யூனோவுக்கும் வந்ததாக எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தத் திட்டத்தின் மித்ரா கவுண்டரில், மருந்தின் பெயரைச் சொல்லி, அனுமதி உண்டா இல்லையா என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். முதலமைச்சர் நிவாரண நிதி, மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் இரண்டையும் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

"டோஸைக் குறைச்சுப் போட்டா செலவு குறையும்" என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 20 மில்லிகிராம் நிவோலுமாப்பை வைத்துச் செய்த ஆய்வு உண்மை. ஓராண்டு உயிர் பிழைத்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்ததும் உண்மை. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுக்கு, வேறு மருந்துகளோடு சேர்த்துச் செய்தது. இரைப்பைக்கு அதை அப்படியே தூக்கிப் போட முடியாது. யாராவது சொன்னால், ஆதாரம் எது என்று கேளுங்கள்.

இம்யூனோவுக்கு வசதி இல்லையென்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒழுங்காக முடித்த கீமோவும், நேரத்துக்குச் செய்த ஆபரேஷனும் இன்றும் இந்த நோயின் முதுகெலும்பு. பாதியில் நின்ற புது மருந்தைவிட முழுதாக முடித்த பழைய சிகிச்சை மேல்.

வீட்டில் மற்றவர்கள் கவனத்துக்கு

இந்தப் பேச்செல்லாம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம், நம்மில் பெரும்பாலோர் தாமதமாகப் போவது. மாதக்கணக்கில் கேஸ் மாத்திரையை விழுங்கிக்கொண்டு வலியை மறைக்கிறோம். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பு மலம், ரத்தசோகை, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது. அப்பாவுக்கு இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகள் அந்தக் கிருமிக்குப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். புகையிலையை இன்றே விடுங்கள், ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள்.

நாளைக் காலை டாக்டர் முன் உட்காரும்போது கேட்க வேண்டியவை ஐந்து. நோய் எந்த நிலையில் இருக்கிறது, ஆபரேஷன் உண்டா? சிபிஎஸ், எம்எஸ்ஐ, ஹெர்2 மூன்றும் பார்த்தாயிற்றா? என் ரிப்போர்ட்டுக்கு இம்யூனோ சேர்த்தால் எவ்வளவு கூடுதல் பலன்? மொத்தம் எத்தனை ஊசி, எவ்வளவு செலவு? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் எந்த நம்பருக்கு அழைக்க வேண்டும்? ஐந்துக்கும் பதில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் ஃபைலை எடுத்துக்கொண்டு இரண்டாவது டாக்டரிடம் போங்கள். அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.